தார் ரோட்டுக்கு வாங்கின நாலு ரயர்

எங்கட வளவுக்குள்ள அந்தக் கார் வந்து நிண்ட நாளில இருந்து எனக்கும் அதுக்கும் சண்டைதான். காரெண்டால் நாலு பேர் ஏறவேணும், ஒரு மூட்டை அரிசி ஏத்தவேணும், மழை வந்தால் நனையாமல் வீடு சேரவேணும். இது ரெண்டே ரெண்டு பேர் காலை நீட்டிக்கொண்டு நிலத்தோட நிலமாய் இருந்து போற கார். கூரை இல்லை. துணிக்கூரை ஒண்டு பின்னால மடிஞ்சு கிடந்தது. அதை இழுத்துக் கொழுவி முடிக்க மழை விட்டிடும். பந்தயம் ஓடுறதுக்கெண்டு வெள்ளைக்காரன் செய்த கார் எண்டு இவர் பெருமையாய்ச் சொல்லுவார். கிளிநொச்சிச் சந்தையில சனம் அதுக்கு வைச்ச பேர் மொட்டைக் கார். "மொட்டைக் காரின்ர பெண்சாதி போறா" எண்டு எனக்குப் பின்னால சொன்னதை நான் என்ர காதால கேட்டிருக்கிறன்.

இவர் எண்டு நான் சொல்லுறது என்ர மனுசனைத்தான். கொழும்பில அரசாங்கக் கந்தோரில உத்தியோகம் பார்த்தவர். கலியாணத்துக்கு முதலே, தனிக்கட்டையாய்த் திரிஞ்ச காலத்தில, தன்ர நாட்டுக்குப் போக வெளிக்கிட்ட ஒரு வெள்ளைக்காரத் துரையிட்ட அந்தக் காரை வாங்கிப் போட்டார். நாங்கள் வெள்ளவத்தையில ஒரு வீட்டின்ர பாதியில குடியிருந்தம். நான் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில சின்னப் பிள்ளையளுக்குப் படிப்பிச்சுக்கொண்டிருந்தன். பின்னேரத்தில காரில ஏறிக் கடற்கரை ரோட்டால ஒரு சுத்துச் சுத்தி வருவம். அப்ப எனக்கு அந்தக் காரில கோவமே இல்லை. பிறகு சிங்களம் படிச்சுச் சோதினை பாஸ் பண்ணினால்தான் உத்தியோகம் எண்டு சட்டம் வந்தது. "அவங்கள் சொல்லி நான் படிக்கிறதோ? மாட்டன்" எண்டு இவர் வேலையை விடுறதாய் எழுதிக் குடுத்திட்டு வந்திட்டார். அண்டைக்கு நானும் நல்ல வேலை செய்தியள் எண்டுதான் சொன்னனான். வீரம் ஒரு கிழமைக்கு நல்லாய்த்தான் இருக்கும்.

அந்த நேரம் படிச்ச ஆக்களுக்கெண்டு இரணைமடுக் குளத்துக்குக் கீழ வயற்காணி பிரிச்சுக் குடுத்துக்கொண்டிருந்தவை. எங்களுக்கும் ஒரு துண்டு கிடைச்சுது. பள்ளிக்கூடத்தில பெரிய ரீச்சர் என்னைக் கூப்பிட்டு, "எப்ப திரும்பி வந்தாலும் வாரும், இடம் தருவம்" எண்டு சொல்லித்தான் அனுப்பினவ. அந்த வார்த்தையைப் பிடிச்சுக்கொண்டுதான் நான் வன்னிக்கு வந்தனான். சரியாய்ச் சொன்னால், அதைப் பிடிச்சுக்கொண்டுதான் அங்க இருந்தனான்.

இவருக்கு வயலும் தெரியாது, மாடும் தெரியாது. முதல் போகம் வெள்ளம் கொண்டு போச்சுது, அடுத்த போகம் காட்டுப் பண்டி கொண்டு போச்சுது. வரம்பில சப்பாத்துப் போட்டுக்கொண்டு நடக்கிற கமக்காரனை நீங்கள் கண்டிருக்கமாட்டியள், நான் கண்டிருக்கிறன். மாமா வந்து சேர்ந்திராட்டி நாங்கள் பட்டினிதான் கிடந்திருப்பம்.

மாமா, இவரின்ர தகப்பன், யாழ்ப்பாணத்தில பொயிலைத் தோட்டம் செய்தவர். பெண்சாதி செத்துக் கன காலம். சின்ன வயதில இருந்து கிணத்தில தண்ணி இறைக்கத் துலா மிதிச்சு மிதிச்சு முழங்கால் ரெண்டும் தேய்ஞ்ச மனுசன். எங்களுக்கு உதவியாய் ஒரு மாதம் நிண்டிட்டுப் போறன் எண்டு வந்தவர், வாய்க்காலில தண்ணி திறந்து விட்ட அண்டைக்கு வேட்டியோட இறங்கி நிண்டு பாத்தார். "பிள்ளை, ஒருத்தரும் மிதிக்காமல் தண்ணி தன்ர பாட்டில வருது பாத்தியே!" எண்டு என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். பிறகு அவர் ஊருக்குப் போற கதையே எடுக்கேல்லை.

வன்னியில கறையானுக்குத் தப்பினால் எலி, எலிக்குத் தப்பினால் பூச்சி. மாமா வேப்பெண்ணெயும் மண்ணெண்ணெயும் கலந்து ஒரு பழைய தகரப் பேணியில எப்பவும் வைச்சிருப்பார். கொட்டில் கப்புக்குப் பூசுவார், வண்டில் நுகத்துக்குப் பூசுவார், மண்வெட்டிப் பிடிக்குப் பூசுவார். எங்கட வளவில அந்த மணம் இல்லாத சாமான் ஒண்டுமில்லை. தலையணைக்கும் பூசிப் போடுவாரோ எண்டு நான் பயந்த நாளும் உண்டு. ஆனால் அவர் பூசின ஒண்டையும் கறையான் தொடேல்லை, அதையும் சொல்லத்தான் வேணும்.

வந்து நாலு வருசம் போயிருக்கும். ஆனி மாதம் தொடங்கி இருந்தது. இவரோட கொழும்புக் கந்தோரில ஒண்டாய் வேலை செய்து, ஒண்டாய் விட்டிட்டு வந்த சிநேகிதர் ஒருத்தர் றெயிலால வந்து இறங்கினார். கொழும்பில அவருக்குத் தனியார் கொம்பனியில வேலை கிடைச்சிருந்தது. பசளையும் பூச்சி மருந்தும் விக்கிற கொம்பனி. தெற்குப் பக்கம் ஊரூராய்ப் போய் வியாபாரியளைப் பாக்கிறதுக்கு இன்னொரு ஆள் தேவையாம், இங்கிலீசு போதுமாம். "உன்ர பேரைச் சொல்லிப்போட்டன். ஆனால் மச்சான், சொந்தக் கார் இருக்கவேணும். ஆவணி முதல் கிழமை காரோட வந்து நில். கொம்பனிப் பெரியவர் வெளியில இறங்கி வந்து காரைச் சுத்திப் பாத்திட்டுத்தான் ஆளை உள்ளுக்குக் கூப்பிடுவார். கார் இல்லாட்டி வராதை. உனக்குப் பின்னால ஒருத்தன் காரோட நிக்கிறான்" எண்டார்.

எனக்கு அடுப்படியில நிக்க ஏலேல்லை. குசினிக் கதவைப் பிடிச்சுக்கொண்டு கேட்டுக்கொண்டு நிண்டன். பள்ளிக்கூடமும், குழாய்த் தண்ணியும், பின்னேரக் கடற்காத்தும் ஒண்டாய் வந்து என்ர கண்ணுக்கு முன்னால நிண்டுது. சிநேகிதர் எழும்பிப் போய்க் காரைச் சுத்திப் பாத்தார். காலால ஒரு ரயரைத் தட்டினார். "இஞ்சின் நல்லாய்த்தான் இருக்குது. ஆனால் இந்த ரயரில நீ கொழும்புப் பாதையில ஓமந்தையும் தாண்டமாட்டாய்" எண்டார்.

அது உண்மைதான். எங்கட கிறவல் மண் ரோட்டில நாலு வருசம் உருண்டு நாலும் வழுக்கையாய்ப் போச்சுது. புது ரயர் வாங்கிப் போட்டால் சரிதானே எண்டு நீங்கள் நினைப்பியள். அந்தக் காலத்தில அரசாங்கம் வெளிநாட்டுச் சாமான் இறக்குறதை மறிச்சுப் போட்டுது. லொறிக்கும் பஸ்சுக்கும் எப்பிடியோ ரயர் வந்தது. இந்தச் சின்னக் காரின்ர, கம்பி வைச்ச சின்னச் சில்லுக்கு ஆர் ரயர் இறக்கப் போறான்? போதாக்குறைக்கு அளவும் ஒரு கோணல் அளவு. முன்னால ஒரு காருக்கும் இல்லை, பின்னால ஒரு காருக்கும் இல்லை.

முதல் கிளிநொச்சிக் கராஜுக்குப் போனம். கராஜ்காரர் நல்ல மனுசன், வாய் மட்டும் நீளம். பழைய ரயருக்கு மேல புது றப்பர் ஒட்டி எடுக்கலாமோ எண்டு இவர் கேட்டார். அவர் குந்தியிருந்து ரயரை நகத்தால கிண்ட, உள்ளுக்கிருந்த நூல் வெளியில வந்தது. "ஐயா, ஒட்டுறதெண்டால் ஒட்டுறதுக்கு ஒரு உடம்பு வேணும். இதுக்கு மேல ஒட்டினால் ஒட்டினது கழண்டு உங்களுக்கு முன்னால கொழும்புக்குப் போய்ச் சேரும்" எண்டார். எனக்குச் சிரிப்பு வந்திட்டுது. இவர் என்னைத் திரும்பிப் பாத்த பார்வையில என்ர சிரிப்பு நிண்டு போச்சுது.

பிறகு வேறொரு காரின்ர ரயர் நாலு கிடைச்சுது, கொஞ்சம் பெரிசு. கொழுவிப் பாத்தால் தெரியும் எண்டு கராஜ்காரர் கொழுவிவிட்டார். நேராய்ப் போகேக்க ஒரு கரைச்சலும் இல்லை. திருப்பினவுடன ரயர் மேல தகரத்தில உரஞ்சி, பண்டி கத்தின மாதிரி ஒரு சத்தம். "கொழும்பு மட்டும் ரோட்டு நேர்தானே" எண்டன் நான், ஆத்திரத்தில. "அங்க போய்?" எண்டு இவர் கேட்டார். அங்க போய்த் திரும்பி வாறதுக்கு ஆர் இருக்கினம் எண்டு நான் சொல்ல வெளிக்கிட்டு, பின்னால மாமா நிண்டதைக் கண்டு வாயை மூடிக்கொண்டன்.

மாமாவுக்கும் இதில ஒரு யோசினை இருந்தது. "கட்டை கட்டையாய் இருக்கிற ரயராய் எடு தம்பி. சேத்தில இறங்கினால் பிடிக்கவேணும். வழுவழுப்பான ரயர் என்னத்துக்கு?" எண்டார். அவருக்கு ரயர் எண்டால் ட்ராக்டர் ரயர்தான். "ஐயா, இது தார் ரோட்டுக்கு. கொழும்பு ரோட்டில அறுபது மைல் வேகத்தில போகேக்க கட்டை ரயர் உதவாது" எண்டு இவர் பொறுமையாய்ச் சொன்னார். மாமா தலையை ஆட்டினார். கொழும்பு எண்ட சொல்லு வந்தால் மாமா தலையை மட்டும் ஆட்டுவார், கதைக்கமாட்டார். மகன் போறதில அவருக்குத் துளியும் விருப்பமில்லை எண்டு எனக்குத் தெரியும். ஆனால் போகாதை எண்டு ஒரு நாளும் சொல்லேல்லை. அது அவரின்ர குணம்.

இவர் வவுனியாவுக்கும் யாழ்ப்பாணத்துக்கும் போய் வெறுங்கையோட வந்தார். ஆனி முடியப் போகுது. நான் கோவிலுக்கு நேந்து வைச்சன், இவருக்குத் தெரியாமல். அப்பதான் சந்தையில கருவாடு விக்க வாற ஒரு மனுசி சொன்னா, முல்லைத்தீவில ஒரு முஸ்லிம் நானாவின்ர கடையில சின்னக் கார் ரயர் தொங்குறதைத் தான் கண்டதெண்டு.

காரில போக வழியில்லை, பஸ்சில போனம். பரந்தனில மாறி, புதுக்குடியிருப்பு தாண்டி, பள்ளமும் திட்டியுமாய்க் குலுக்கிக் குலுக்கிக் கொண்டு போய் இறக்கிவிட்டான். நானாவின்ர கடையில இல்லாத சாமான் இல்லை: வலை, கயிறு, மண்ணெண்ணெய், விளக்குச் சிமினி, உப்பு. முகட்டு வளையில மஞ்சள் தாள் சுத்தின ரயர் கொஞ்சம் தொங்கிச்சுது. முந்தி அந்தப் பக்கம் வேலைக்கு வந்த ஒரு வெள்ளைக்காரத் துரை சொல்லி எடுப்பிச்சதாம். எடுப்பிச்ச துரை கப்பல் ஏறிப் போயிட்டார், ரயர் நானாவின்ர தலைக்கு மேல தங்கிப் போச்சுது. "ஏழெட்டு வருசமாய் ஒருத்தரும் கேக்கேல்ல தம்பி. இதுக்கெண்டு ஒரு கார் எங்கயோ இருக்கத்தானே வேணும் எண்டு வைச்சிருந்தன்" எண்டார்.

இறக்கித் தாளைப் பிரிச்சால், ரெண்டு விதம். நாலு ரயர் மெல்லிசாய், நெருக்கமான கோடு போட்டது. மற்ற நாலும் அதே அளவுதான், ஆனால் தடிச்ச றப்பர், ஆழமான வெட்டு. இவர் சேட்டுப் பையில இருந்து அளவு எழுதின துண்டை எடுத்து ரெண்டையும் பாத்தார். ரெண்டும் சரி. மனுசனுக்கு முகம் மலர்ந்து போச்சுது, பிறகு குழம்பிப் போச்சுது.

"தடிச்சதை எடுத்தால் இஞ்சத்தை ரோட்டிலயும் நிக்கும், அங்கயும் சமாளிக்கலாம்" எண்டார். "மெல்லிசை எடுத்தால் கொழும்பில கத்தி மாதிரிப் போகும். இஞ்ச ஒரு மாதத்தில தேய்ஞ்சிடும்." நானா ரெண்டையும் துடைச்சுக்கொண்டு நிண்டார். "நீர் என்ன சொல்லுறீர்?" எண்டு இவர் என்னைக் கேட்டார். கலியாணம் கட்டி அவ்வளவு காலத்தில என்னட்டை யோசினை கேட்ட நாளை விரல் விட்டு எண்ணலாம், அதில இதொண்டு.

"மண் ரோட்டுக்கு ரயர் எடுத்தால் மண்ணிலதான் கிடப்பம். தார் ரோட்டுக்கு எடுங்கோ" எண்டன். இவர் சிரிச்சார். எவ்வளவு காலத்துக்குப் பிறகு அந்தச் சிரிப்பைக் கண்டனான்! மெல்லிசு நாலையும் எடுத்தம். விலையைச் சொல்லமாட்டன், சொன்னால் வயிறு எரியும். "வெயில் படாமல், ஈரம் படாமல் வையுங்கோ தங்கச்சி" எண்டு நானா என்னட்டைத்தான் சொல்லிவிட்டார். தடிச்ச நாலையும் ஆடிக்குள்ள ஒருக்கா விசாரிச்சம், அதுக்குள்ள அதை ஆரோ மீன் வண்டிலுக்குப் பூட்டக் கொண்டு போயிட்டினம்.

திரும்பி வரேக்க பஸ்சுக்கு மேல நாலு ரயர், உள்ளுக்க நாங்கள். ஏறின சனமெல்லாம் விசாரணை. "என்ன ஐயா, கைவண்டில் செய்யப் போறியளோ?" எண்டு ஒருத்தன். "இந்த அளவில சில்லெண்டால் ஆட்டுக்குத்தான் பூட்டவேணும்" எண்டு இன்னொருத்தன். வேற நாளெண்டால் நான் நாலு வார்த்தை திருப்பிக் குடுத்திருப்பன். அண்டைக்கு நானும் சேர்ந்து சிரிச்சுக்கொண்டு வந்தன். இவர் புதுக்குடியிருப்பில இறங்கி எனக்குக் கச்சான் கடலை வாங்கித் தந்தார்.

அண்டைக்கே கொழுவியிருந்தால் எல்லாம் வேறயாய்ப் போயிருக்கும். ஆனால் விடிஞ்சால் ஆடி. ஆடி மாதத்தில ஆரும் புதுச் சாமான் பூட்டுவினமோ? இவருக்கு அதிலயெல்லாம் நம்பிக்கை இல்லை எண்டு வெளியில கதைப்பார், உள்ளுக்கை பயம். மாமாவும், "ஆவணி பிறக்கட்டும் தம்பி, முதல் நல்ல நாளில கொழுவி, கையோட வெளிக்கிடுங்கோ" எண்டார். இவருக்கு இன்னொரு கணக்கும் இருந்தது: ஆடி முழுக்க இந்தக் கிறவலில ஓடித் தேய்க்காமல், புதுக்கருக்கு அழியாமல் பெரியவருக்கு முன்னால கொண்டு போய் நிப்பாட்டவேணும். நானா சொன்ன மாதிரி வெயிலும் ஈரமும் இல்லாத இடம் எங்கட வளவில ஒண்டுதான் இருந்தது, நெல்லு வைக்கிற அறை. அதுக்குள்ள பலகை போட்டு நாலையும் அடுக்கிப்போட்டு வந்தார். நான் ட்ரங்குப் பெட்டியளை வெயிலில காய வைச்சு, சீலையளை அடுக்கத் தொடங்கினன்.

அந்த மாதம் முழுக்க நெல்லு அறைக்குப் பொறுப்பு மாமாதான். நாங்கள் ஆரும் அதுக்குள்ள போகேல்லை.

ஆவணி பிறந்து முதல் நல்ல நாள், காலமை. முத்தத்தைக் கூட்டி, கோலம் போட்டு, சில்லுக்குக் கீழ வைச்சு நசிக்க நாலு தேசிக்காய் எடுத்து வைச்சன். கராஜ்காரர் ரயர் நெம்புற இரும்பு மட்டையளோட வந்து பழைய ரயரெல்லாத்தையும் கழட்டிப்போட்டு, "எங்க புதுசு?" எண்டார். "பொறு, நான் கொண்டு வாறன்" எண்டு மாமா போனார். ஒவ்வொண்டாய் உருட்டிக்கொண்டு வந்து சாக்கு விரிச்சு அதில வைச்சார். நாலும் கறுத்து மினுங்கிச்சுது. அந்த வேப்பெண்ணெய் மண்ணெண்ணெய் மணம் ரயருக்கு முதல் வந்து சேர்ந்தது.

"பாத்தியே எப்பிடி மினுங்குது!" எண்டார் மாமா. "நெல்லு அறையில எலி போன வருசம் சாக்கெல்லாத்தையும் வெட்டினது மறந்து போச்சே உங்களுக்கு? ஒரு நாள் விடாமல் பூசினனான். உள்ளுக்கையும் பூசி, எண்ணெய்ச் சாக்கால சுத்தி வைச்சனான். ஒரு எலி கிட்ட வரேல்லை. போற பிள்ளைக்கு நான் வேற என்னத்தைச் செய்யிறது?"

கராஜ்காரர் ஒரு ரயரைத் தூக்கினார். அது தொய்ஞ்சுபோய்க் கனத்துக் கிடந்தது. இரும்பு மட்டையை விளிம்பில குடுத்து நெம்பினார். மண்ணெண்ணெயில ஊறின றப்பர் சட்டியில கிண்டின தொதல் மாதிரி இளகிக் கையோட வந்திட்டுது. பெருவிரலால அமத்தினார், விரல் உள்ளுக்கை இறங்கிச்சுது. அடுத்ததை எடுத்தார், அதுவும் அப்பிடித்தான். நாலும் அப்பிடித்தான். மாமா அந்தப் பக்கம் திரும்பி எண்ணெய்ச் சாக்கை மடிச்சுக்கொண்டு நிண்டார். கராஜ்காரர் நிமிந்து, "ஐயோ, ஆர் இதுக்கு..." எண்டு வாயெடுத்தார். இவர் குனிஞ்சு அவரின்ர தோளில கையை வைச்சார். அமத்தி வைச்சார். நான் அதைப் பாத்துக்கொண்டு நிண்டன்.

"அளவு பிழைச்சுப் போச்சுது ஐயா" எண்டார் இவர், மாமாவைப் பாத்து. குரல் ஒரு சொட்டும் மாறேல்லை. "நானா பிழையான ரயரைத் தந்திட்டார். எங்கட சில்லுக்கு ஏறாது."

மாமா பதறிப் போனார். "அப்ப கொண்டு போய் மாத்தலாமே?"

"வேற அங்க இல்லை."

"அப்ப... போகேலாதோ?"

மாமா அதைக் கேக்கேக்க அவரின்ர முகத்தில கவலையும் இருந்தது, அதுக்குப் பின்னால இன்னொண்டும் இருந்தது. இவரும் அதைக் கண்டிட்டார். காணாமல் இருந்திருந்தாலாவது என்ர தலையெழுத்து மாறியிருக்கும். "எனக்கும் போக மனமில்லை ஐயா" எண்டார். "ஒரு மாதமாய் யோசிச்சுக்கொண்டுதான் இருந்தனான். இஞ்ச வயல் ஒரு வழிக்கு வந்துகொண்டிருக்குது. இனி அங்க போய் ஆருக்குச் சலாம் போடுறது?"

நான் தேசிக்காயை அந்தத் தட்டத்தோட முத்தத்தில எறிஞ்சுபோட்டுக் குசினிக்குள்ள வந்திட்டன். இவர் பின்னால வந்தார். "தந்தி அடியுங்கோ. ஒரு மாதத் தவணை கேளுங்கோ. உண்மையைச் சொல்லுங்கோ, ரயர் பழுதாய்ப் போச்சுதெண்டு சொல்லுங்கோ" எண்டன்.

"தவணை தரமாட்டாங்கள். தந்தாலும் ரயருக்கு எங்க போறது? நீரும் வந்து பாத்தனீர்தானே."

"அப்ப மாமாவுக்கு ஏன் பொய்? அவர் செய்த வேலை அவருக்குத் தெரியவேண்டாமோ?"

"அந்த மனுசன் ஒரு நாள் விடாமல் பூசியிருக்கிறார். அவருக்கு நான் என்னெண்டு சொல்லுறது?"

"அவருக்குச் சொல்ல உங்களுக்கு வாய் வரேல்லை. எனக்கு என்னெண்டு சொல்லப் போறியள்?" எண்டு கேட்டன்.

அடுப்பில உலை கொதிச்சு வழிஞ்சுது. இவர் மூடியை எடுத்து வைச்சிட்டு வெளியில போயிட்டார்.

மத்தியானம் மாமாவுக்குச் சோறு போட்டன். எனக்குள்ள வார்த்தை எல்லாம் வரிசையாய் நிண்டுது: மாமா, நீங்கள்தான், உங்கட எண்ணெய்தான், நாலு ரயரையும் நீங்கள்தான் தின்னக் குடுத்தனீங்கள். சொல்லியே தீருவன் எண்டுதான் கரண்டியோட நிண்டன். மாமா ரெண்டாம் தரமும் சோறு கேட்டார். கன நாளைக்குப் பிறகு ரெண்டாம் தரம் கேட்டது அண்டைக்குத்தான். "பிள்ளை, நீ கோவிக்காதை" எண்டார். "உனக்குக் கொழும்பில விருப்பமெண்டு எனக்குத் தெரியும். அவன் போகட்டும், தடுக்கக் கூடாதெண்டுதான் வாயைக் கட்டிக்கொண்டிருந்தனான். ஆனால் இந்த ஒரு மாதமும் நித்திரை இல்லை மோனை. நான் சாகேக்க பக்கத்தில ஆர் நிப்பினம் எண்டு ஒரே யோசினை. இண்டைக்குத்தான் வயிறாறச் சாப்பிடுறன்."

நான் சோத்தைப் போட்டன். கறியையும் விட்டன். நிண்ட வார்த்தை எல்லாம் அப்பிடியே கீழ இறங்கிப் போச்சுது, பிறகு அது மேல வரவே இல்லை.

ட்ரங்குப் பெட்டியில அடுக்கின சீலையளை வெளியில எடுக்க எனக்கு மனமில்லை. தேவைப்படேக்க ஒவ்வொண்டாய் எடுத்து உடுத்தன், அப்பிடித்தான் பெட்டி வெறுமையாச்சுது. பள்ளிக்கூடத்துப் பெரிய ரீச்சர் இளைப்பாறிப் போயிட்டாவெண்டு பிறகொரு நாள் கேள்விப்பட்டன்.

மாமா சந்தையிலயும் பஸ்சிலயும் கண்ட ஆக்களுக்கெல்லாம் ரெண்டு கதை சொல்லிக்கொண்டு திரிஞ்சார். ஒண்டு, கொழும்பு வேலையை வேண்டாமெண்டு உதறிப்போட்டு மண்ணை நம்பி நிண்ட தன்ர மகன்ர கதை. மற்றது, முல்லைத்தீவில ஒரு நானா பிழையான ரயரை எங்கட தலையில கட்டி ஏமாத்தின கதை. அந்த நானா எங்களுக்குச் செய்த பிழை என்ன? ஏழெட்டு வருசம் பத்திரமாய் வைச்சிருந்து, சரியான அளவைத் தந்ததுதான். "அந்தக் கதையையாவது நிப்பாட்டச் சொல்லுங்கோ, பாவம் வந்து சேரும்" எண்டு நான் இவரிட்டைச் சண்டை பிடிச்சன். "நிப்பாட்டினால் ஏனெண்டு கேப்பார்" எண்டார் இவர். அது உண்மைதான். அதுக்குப் பிறகு முல்லைத்தீவுப் பக்கம் போற பஸ்சில ஏற எனக்கு முகமில்லை.

இவர் பொய்யாய்ச் சொன்னதை மெய்யாக்க வெளிக்கிட்டார், அதுதான் எனக்கு விளங்காதது. முதல் சப்பாத்தைக் கழட்டினார். பிறகு விடியக் காலமை மாமாவுக்கு முதல் வயலுக்குப் போனார். வரம்பு கட்டப் பழகினார், எந்த மடையில எவ்வளவு தண்ணி திறக்கவேணுமெண்டு பழகினார், தண்ணிப் பங்குக்கு மற்றக் கமக்காரரோட மல்லுக்கு நிக்கவும் பழகினார். விளைச்சல் ஒரு வருசம் வரும், ரெண்டு வருசம் வராது. கை காய்ச்சுப் போய், கதை குறைஞ்சு, இங்கிலீசுப் பேப்பரையும் நிப்பாட்டிப் போட்டார். கார் கொட்டிலுக்குள்ள சில்லில்லாமல் கட்டையில நிண்டுது. மாமா அதையும் விடேல்லை, கறையான் ஏறக் கூடாதெண்டு கட்டைக்கு எண்ணெய் பூசிக்கொண்டிருந்தார். நான் பாத்துக்கொண்டிருந்தன். ஒரு நாளைக்கு, மாமாவின்ர காலத்துக்குப் பிறகு, இந்த மனுசனைக் கிளப்பிக்கொண்டு போகலாம் எண்டு எனக்குள்ள ஒரு மூலையில நினைப்பு இருந்தது. அப்பிடி நினைக்கிறது பாவமெண்டும் தெரியும். நினைச்சனான்தான்.

மாமா நல்ல சாவுதான் செத்தார். அவர் ஆசைப்பட்ட மாதிரி மகன் பக்கத்தில இருந்தார், வாயில தண்ணி விட்டார். செத்தவீட்டுக்கு வந்த சனமெல்லாம் இவரின்ர கையைப் பிடிச்சு, தகப்பனுக்காகக் கொழும்பை விட்ட பிள்ளை எண்டு சொல்லிச்சினம். இவர் அழுதார். நானும் அழுதனான், பொய்யில்லை. அந்தக் கிழவனில எனக்குக் கோவம் வைச்சிருக்க ஒரு நாளும் ஏலாமல் போச்சுது.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிஞ்சு, கடைசியாய் நிண்ட சொந்தக்காரரும் பஸ் ஏறின பிறகு, வீடு ஓவெண்டு கிடந்தது. இவர் விறாந்தையில கதிரையில இருந்தார். நான் தேத்தண்ணி கொண்டு போய்க் குடுத்திட்டு முன்னால நிண்டன். இனி ஒளிக்கிறதுக்கு ஆருமில்லை, நோகப் பண்ணுறதுக்கும் ஆருமில்லை. அவ்வளவு வருசமும் கேக்காமல் வைச்சிருந்ததைக் கேட்டன்.

"இனியெண்டாலும் போவமே?"

இவர் நிமிந்து பாத்தார். நடிப்பில்லை, கோவமில்லை, என்னைச் சமாளிக்கிற நினைப்பும் இல்லை. உண்மையாகவே விளங்காமல்தான் கேட்டார்.

"எங்க?"

இவர் தேத்தண்ணியைக் குடிச்சு முடிச்சு, பேணியை என்ர கையில தந்திட்டு, வாய்க்காலில தண்ணி திறக்கிற நேரமாச்சுதெண்டு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார்.